நீளச் செயின்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, சாலையோரம் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு தார்ப்பாய், ஒரு பம்பு, பஞ்சர் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய சட்டி, அவ்வளவுதான். போன மாதம் பெண்டு எடுக்கப் போனபோது எனக்கு முன்னால் ஒரு தண்ணி கேன் வண்டி நின்றிருந்தது. மூன்று சக்கர வண்டி. ஓட்டுகிறவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். செயின் அறுந்துவிட்டது. பழைய செயினில் பாதி நன்றாகத்தானே இருக்கிறது, அதோடு ஒரு புதுச் செயினைச் சேர்த்துவிடலாமே என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

“அது ஆவாது தம்பி. பழசு ஒரு நடை நடக்கும், புதுசு ஒரு நடை நடக்கும். பல்லு ஏறிக் குதிக்கும். போட்டா ரெண்டும் புதுசாப் போடணும்” என்றார் கடைக்காரர்.

இரண்டு செயின் என்றால் இரண்டு மடங்கு காசு. அவர் பதில் சொல்லாமல் கேன்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் சொன்னது முழுக்கச் சரி. செயின் ‘நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்கிறது, அது சுழலும் புஷ் தேய்கிறது. அரை அங்குலமாக இருந்த இடைவெளி மயிரிழை அளவு கூடுகிறது. நூறு கண்ணியில் அந்த மயிரிழைகள் சேர்ந்தால் செயின் தொங்க ஆரம்பிக்கும்.

இந்தத் தொங்கல்தான் நீளச் செயினின் நிரந்தரத் தொல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம்ம ஊர் கறுப்பு சைக்கிளில் பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்கு 19 அங்குலம், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். 108 கண்ணி வேண்டும், அதாவது 54 அங்குலச் செயின். மூன்று சக்கர வண்டியில் அதே தூரம் 40 அங்குலம் என்றால் 192 கண்ணி, 96 அங்குலம். இரண்டும் நூற்றில் ஒரு பங்கு தேய்ந்தால், சைக்கிளில் கீழ்ப்பக்கச் செயின் ஏறக்குறைய 2 அங்குலம் தொங்கும். வண்டியில் கிட்டத்தட்ட 4 அங்குலம். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் கழன்றுவிடும். சைக்கிளில் பின்சக்கரத்தை கால் அங்குலம் பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். வண்டியில் ஒரு ஜோடிக் கண்ணியையே கழற்ற வேண்டியிருக்கும்.

இந்தத் தொல்லை ஒரகடத்தில் தொடங்கியதல்ல. ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் புஷ் ரோலர் செயினைக் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் கழித்து ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள், பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் அமைப்பை உலகத்துக்குப் பழக்கப்படுத்தியது. 1903இல் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்தின் எஞ்சினிலிருந்து இரண்டு புரொப்பல்லர்களுக்கும் செயினையே பூட்டினார்கள். எஞ்சினுக்கும் புரொப்பல்லருக்கும் இடையே தூரம் அதிகம். செயின் துடித்து அடிக்கும். அதனால் அதை இரும்புக் குழாய்களுக்குள் ஓடவிட்டார்கள். அந்தச் செயினைச் செய்தது இண்டியானாபோலிஸ் நகரத்தின் டயமண்ட் செயின் கம்பெனி.

அந்தப் பெயர் பிறகு நம்ம பக்கம் வந்தது. 1949இல் முருகப்பா குழுமம் பிரிட்டனின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் உருவாயின. 1960இல் அதே டயமண்ட் நிறுவனத்தின் கூட்டில் டி.ஐ. டயமண்ட் செயின் வந்தது. ரைட் சகோதரர்களுக்குச் செயின் கொடுத்த கம்பெனியின் பெயர், தமிழ்நாட்டில் பால்காரர் சைக்கிளுக்குச் செயின் செய்த நிறுவனத்தின் பெயரிலும் சேர்ந்துகொண்டது.

நீளச் செயின் நம்ம ஊரில் ஒரு அரசியல் கேள்விக்கும் பதிலாக வந்திருக்கிறது. சென்னையில் மனிதனை மனிதன் ஓடி இழுத்த கை ரிக்‌ஷாவை 1973இல் கலைஞர் அரசு ஒழித்தது. இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. இயந்திரமாகப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள முக்கியமான வித்தியாசம், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காலிலிருந்து பின்னால் இருக்கும் அச்சு வரைக்கும் போகும் ஒரு நீளச் செயின்தான். அது இருந்ததால் ஒருவர் ஓடாமல் உட்கார்ந்து மிதிக்க முடிந்தது. சவாரி இல்லாத இறக்கத்தில் காலைச் சும்மா வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

ஆனால் அந்தச் செயினைக் கவனிக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. எண்ணெய் விட்டால் புழுதி ஒட்டும், விடாவிட்டால் துரு பிடிக்கும். அறுந்துவிட்டால் சவாரி போச்சு. சுமை குறைந்தது உண்மை. கூடவே ஒரு பராமரிப்புச் செலவும் வந்தது என்பதை நாம் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை. நானும் இந்தக் கடையில் நிற்கும்வரை சேர்த்ததில்லை.

இந்தச் சாலையில் 2013 முதல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. அதற்கு மூன்று வருஷம் முன்பே ரெனோ–நிஸான் கார்கள் வந்துவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இலேயே கார் செய்ய ஆரம்பித்துவிட்டது. அங்கே ஷிஃப்ட் முடித்து வருகிற தொழிலாளர்கள் தங்கும் அறைகளுக்குக் குடிதண்ணீர் கேன் போவது இந்த மாதிரி மூன்று சக்கர வண்டியில். வண்டி ஓட்டுகிறவரின் செயினைப் பற்றி எந்தத் தொழிற்பேட்டை வரலாற்றிலும் ஒரு வரி வராது.

கடைசியில் கடைக்காரரே வழி சொன்னார். “ஒண்ணுக்கு இப்போ குடு. இன்னொண்ணுக்கு அடுத்த வாரம் குடு.” இரண்டு புதுச் செயினையும் எடுத்துத் தரையில் நீட்டி வைத்து, அளவுக்கு மேல் இருந்த கண்ணிகளைத் தட்டிக் கழற்றினார். லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். திறந்த பக்கம் முன்னால் இருந்தால் எங்கேயாவது இடித்துக் கழன்றுவிடும். பிறகு கீழ்ச்செயினை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, கொஞ்சம் ஆட்டம் விட்டார்.

“ஏண்ணே, டைட்டாவே வெச்சுடலாமே?” என்றேன்.

“டைட்டா வெச்சா அவருக்குத்தான் மிதிக்க முடியாது. பேரிங்கும் போயிரும்.”

எனக்குப் பெண்டு எடுத்து முடிப்பதற்குள் தண்ணி வண்டி கிளம்பிவிட்டது. கடைக்காரர் பின்னாலிருந்து சத்தம் போட்டார்: “ஒரு வாரம் ஓட்டிட்டு வா. புதுச் செயின் கொஞ்சம் இறங்கும், பாத்துக் குடுக்குறேன்.”