நிமிஷத்துக்கு ஒரு டீ டம்ளர்: உப்பும் அயோடினும் ஒரு பம்பும்

ஈசிஆரில் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போனவங்க யாரும் மரக்காணத்தைப் பார்க்காம போயிருக்க முடியாது. ரோட்டோரம் பாத்தி பாத்தியா தண்ணி, பக்கத்துல வெள்ளைக் குவியல். வண்டியை ஓரங்கட்டி ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். அந்தக் குவியல் பாக்கெட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி நடக்க வேண்டிய ஒரு சின்ன வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மரக்காணம் ரொம்பப் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இதுதான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். உப்பு எடுக்கும் முறையும் பெரிதாக மாறிவிடவில்லை. உவர்நீரைப் பாத்தியில் விட்டு, வெயிலில் காயவிட்டு, பலகையால் வாரிக் குவிப்பது. மாறினது சட்டம்.

கதை இமயமலை அடிவாரத்தில் தொடங்குகிறது. 1956-ல் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசாமியும் அவர் குழுவும் ஒரு ஆய்வை ஆரம்பித்தார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, இன்னொரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில் அயோடின் போன இடங்களில் பிள்ளைகளின் கழுத்துக்கழலை நன்றாகவே குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. கழலை வெளியே தெரியும் அடையாளம் மட்டும்தான். கர்ப்பத்தில் இருக்கும்போதே அயோடின் பற்றாக்குறை வந்தால் அடி வாங்குவது குழந்தையின் மூளை.

அப்புறம் நடந்தது ஒரு இழுபறி. அயோடின் இல்லாத சமையல் உப்பு விற்பனைக்கு 1998-ல் நாடு முழுக்கத் தடை. 2000-ல் தடை நீக்கம். 2006-ல் மறுபடி தடை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011-ல் தீர்ப்பு வந்தது. சின்ன உற்பத்தியாளர்களுக்கு இது சுமை என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். அது பொய் இல்லை.

ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. ஆலையில் உப்புக்கு 30 பிபிஎம் அயோடின் போடணும்னு வைங்க. அதாவது ஒரு டன்னுக்கு 30 கிராம். பொட்டாசியம் அயோடேட்டாகச் சொன்னால் சுமார் 50 கிராம். மணிக்கு 5 டன் உப்பு பெல்ட்டில் ஓடுது, கரைசல் 3 சதவீதம்னு வைங்க. நிமிஷத்துக்குத் தெளிக்க வேண்டியது வெறும் 140 மில்லி. ஒரு டீ டம்ளர்! அதை 80 கிலோவுக்கு மேலான உப்பில் சீராகப் பரப்பணும்.

சின்ன இடங்களில் பூச்சிமருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானால் அடித்து மண்வெட்டியால் புரட்டினார்கள். ஒரு பிடி உப்பில் அயோடின் அதிகம், அடுத்த பிடியில் ஒன்றுமே இருக்காது. பெரிய ஆலைகளில் கரைசல் தொட்டிக்குள் காற்றழுத்தம் கொடுத்து நாசில் வழியாகப் பீய்ச்சினார்கள். இதில் ஒரு சிக்கல். அளவைத் தீர்மானிப்பதே அழுத்தம்தான். நாசில் பாதி அடைத்தால் கரைசல் குறையும், பெல்ட் மட்டும் பாட்டுக்கு ஓடும்.

இங்கேதான் மீட்டரிங் பம்பு வருது. நம்ம ஊரில் டோசிங் பம்புன்னு சொல்வோம். 1936-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஷீன் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். வைத்தது அப்பாவின் பெயர், மில்டன் ராய். ஊசி சிரிஞ்ச் மாதிரி யோசிங்க. ஒவ்வொரு தள்ளுக்கும் இவ்வளவுதான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஆனா பம்பை வாங்கி மாட்டினா மட்டும் போதாது. வெளியேறும் பக்கம் ஓரளவு எதிரழுத்தம் இருந்தால்தான் உள்ளே இருக்கும் சின்ன வால்வுப் பந்துகள் சரியாக உட்கார்ந்து மூடும். உறிஞ்சும் பக்கத்தைவிடக் குறைந்தது 1 பார் அளவுக்காவது கூடுதலாக வைப்பது வழக்கம். கரைசல் தொட்டியை இடம் இல்லைன்னு மேலே ஏத்தி வெச்சுட்டு, கீழே இருக்கிற பெல்ட்டுக்குக் குழாய் விட்டால், பம்பு நின்ற பிறகும் கரைசல் தானா ஒழுகும். அதற்குத்தான் ஸ்பிரிங் வைத்த எதிரழுத்த வால்வு. இது அநாவசிய செலவு என்று தோன்றும், ஏனென்றால் இல்லாமலும் பம்பு ஓடும், சத்தமும் சரியாவே வரும்.

இன்னொரு பக்கம், உப்புத்தூள் நாசிலை அடைத்தாலும் இந்த வகை பம்பு விடாது, தள்ளிக்கிட்டே இருக்கும். அழுத்தம் ஏறி, குழாயோ டயாபிரமோ கிழியும். அதனால் கரைசலைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு வேணும். உப்பளக் காத்துக்கு இரும்பு தாங்காது. பைப் பிவிசி, உலோகப் பாகம் 316 ஸ்டீல். பெல்ட்டும் பம்பும் ஒரே சுவிட்சில் நின்னு ஓடணும், இல்லாட்டி காலி பெல்ட்டில் கரைசல் கொட்டும்.

மாட்டி முடிச்சதும் அளவு பார்க்க ஒரு கண்ணாடி அளவுக்குழாயும் ஒரு வாட்சும் போதும். அந்தக் குழாய் நிற்க வேண்டியது உறிஞ்சும் பக்கம். நாசிலைக் கழற்றிவிட்டு வாயில் பிடிச்சு அளந்தீங்கன்னா, அழுத்தம் இல்லாதபோது என்ன வருதுன்னுதான் தெரியும். எல்லாத்தையும் மாட்டி, பெல்ட்டில் உப்பு ஓடும்போது, ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. 140 மில்லி இறங்கணும்.