தவளைக்கும் பாட்டுப் பறவைக்கும் ஒரே விஷம்

கொலம்பியா நாட்டின் பசிபிக் கரையோரக் காட்டில் ஒரு தவளை உண்டு. பொன் மஞ்சள் நிறம், சுமார் இரண்டு அங்குல நீளம். அங்குள்ள எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்பின் நுனியை அதன் முதுகில் தேய்த்து வேட்டைக்குப் போவது வழக்கமாக இருந்தது. அந்த விஷம் நரம்பைத் தாக்கி இதயத்தை நிறுத்திவிடும். மாற்று மருந்து கிடையாது. அறிவியலார் அதற்குப் பட்ராகோடாக்சின் என்று பேர் வைத்தார்கள். கிரேக்கத்தில் பட்ராகோஸ் என்றால் தவளை.

பசிபிக் கடலுக்கு அந்தப் பக்கம் நியூகினியில் பிட்டோஹூயி என்ற பாட்டுப் பறவை. நம் மைனா அளவு. தலை கறுப்பு, உடல் செங்கல் நிறம். 1989-ல் டம்பேக்கர் என்ற அமெரிக்க மாணவர் வேறு பறவைக்கு விரித்த வலையில் இது சிக்கியது. விடுவிக்கும்போது கையைக் கீறியது. காயத்தை வாயில் வைத்தார். நாக்கு எரிந்து மரத்துப்போனது. இறகும் தோலும் ஜான் டேலியின் சோதனைச் சாலைக்குப் போயின. தவளை விஷத்தை ஆராய்ந்தவரே அவர்தான். 1992-ல் முடிவு வெளிவந்தது: அதே விஷம்!

இரண்டுக்கும் உறவில்லை. விஷமும் சொந்தச் சரக்கல்ல, சாப்பாட்டில் வருவது. கூண்டில் பிறந்து வளரும் தவளைக்கு விஷமே இல்லை. பறவை தின்னும் சிறு வண்டில் அந்த விஷம் இருப்பதை 2004-ல் காட்டினார்கள். நம் ஊர் எருக்கிலையைத் தின்னும் புழு, வண்ணத்துப்பூச்சியான பின்னும் அந்த நஞ்சை வைத்திருப்பது போலத்தான்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன், ஆகவே இதுவும் கண்ணில் பட்டது. பிட்டோஹூயி என்ற பேரை 1831-ல் நூலில் ஏற்றியவர் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர். பேர் பதிவேட்டில் ஏறிவிட்டது; ரிமார்க்ஸ் காலத்தை நிரப்ப இன்னும் 161 வருஷம் ஆயிற்று.

நியூகினி கிராமத்தாருக்கோ முன்பே தெரியும். அதைக் குப்பைப் பறவை என்பார்கள். தோலை உரிக்காமல் தின்னமாட்டார்கள். வண்டைக் கண்டுபிடிக்க உதவியவர்களும் அவர்களே.

பிள்ளையார் சதுர்த்திக்கு மயிலாப்பூர் மாட வீதியில் எருக்கம்பூ மாலை தொடுக்கும் பெண்மணியும் அதன் பால் கண்ணில் படக்கூடாது என்பார். அதுவும் ஆராய்ச்சி முடிவுதான். யாரும் கையெழுத்திடவில்லை, அவ்வளவே.