பூப்பின் காலம்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

பெண்ணின் பருவங்களை நம் முன்னோர் ஏழாக வகுத்தனர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. 5 முதல் 7 வயது வரை பேதை என்றும், 8 முதல் 11 வரை பெதும்பை என்றும் கொள்வது பொதுவாக வழங்கும் கணக்கு. இன்றைய மருத்துவ நூல்களும் ஓர் எல்லை கூறுகின்றன. பெண் குழந்தைக்கு 8 வயது நிறையுமுன்னும், ஆண் குழந்தைக்கு 9 வயது நிறையுமுன்னும் பருவ மாற்றங்கள் தோன்றுமாயின், அதனை முற்பூப்பு எனக் கருதி ஆராய வேண்டும் என்பது விதி. புலவர் வகுத்த எல்லையும் மருத்துவர் வகுத்த எல்லையும் ஒன்றுபட்டது தற்செயலே. ஆயினும், பேதையாய் விளையாட வேண்டிய குழந்தை பருவப் பெண்ணாய் மாறுவது இயல்பன்று என்ற உணர்வு இரண்டிலும் உண்டு.

இத்தகைய மாற்றம் ஒரு வீட்டில் நேரும்போது பெற்றோர் படும் கலக்கம் சிறிதன்று. தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ வாழும் நம்மவர் குடும்பங்களில், அருகிருந்து ஆறுதல் சொல்லப் பாட்டியோ அத்தையோ பெரும்பாலும் இல்லை. செய்தியை ஊருக்கு எழுதுவதா, மறைப்பதா, சடங்கு செய்வதா என்ற கேள்விகள் முன்னே வந்து நிற்க, மருத்துவரிடம் செல்வது பின்தள்ளப்படுகிறது. ஆகவே, பூப்பின் காலத்தை அறிவியல் எவ்வாறு அறிந்தது, அதனைத் தள்ளிவைக்கும் வழியை எவ்வாறு கண்டது என்ற வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஜெர்மனி நாட்டின் கோட்டிங்கன் நகரில், 1849ஆம் ஆண்டு பெர்தோல்டு என்னும் பேராசிரியர் சில இளஞ்சேவல்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். விதைகள் நீக்கப்பட்ட சேவல்களுக்குக் கொண்டை வளரவில்லை, அவை கூவவுமில்லை. விதையை நீக்கி, மீண்டும் வயிற்றினுள் வேறிடத்தில் பொருத்தி வைத்த சேவல்களோ வழக்கம்போல் வளர்ந்தன, கூவின. நரம்புத் தொடர்பு அறுந்த பின்னரும் இவ்வாறு நிகழ்ந்தமையால், ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே சென்று உடலை மாற்றுகிறது என்பது தெளிவாயிற்று. இவ்வகைப் பொருள்களுக்கு 1905ஆம் ஆண்டு இலண்டனில் ஸ்டார்லிங் என்னும் அறிஞர் 'ஹார்மோன்' என்று பெயரிட்டார். தூண்டி இயக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். தமிழில் 'இயக்குநீர்' என்று வழங்குவது மூலத்தின் பொருளுக்கு நெருங்கியதே.

எனினும் ஒரு வினா எஞ்சி நின்றது. பருவச் சுரப்பிகள் பிறக்கும்போதே உடலில் உள்ளன. அவற்றை ஆளும் பிட்யூட்டரி என்னும் மூளையடிச் சுரப்பியும் உள்ளது. அங்ஙனமாயின் பத்தாண்டுக் காலம் அவை ஏன் உறங்குகின்றன? பிட்யூட்டரி முதிர்ச்சி அடையவில்லை என்பதே பலர் கூறிய விடை. அவ்விடை தவறு என 1952இல் காட்டியவர்கள் ஆங்கிலேயரான ஜெஃப்ரி ஹாரிஸ், ஸ்வீடனில் பணியாற்றிய டோரா யாக்கோப்சன் என்னும் அம்மையார் ஆகிய இருவர். முதிர்ந்த பெண் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, பிறந்த குட்டிகளின் பிட்யூட்டரியை மூளையின் அடிப்புறத்தில் பொருத்தினர். குட்டியின் சுரப்பி, முதிர்ந்த மூளையின் கீழ் அமர்ந்ததும் முதிர்ந்த சுரப்பியைப் போலவே வேலை செய்தது! சுரப்பி என்றும் ஆயத்தமாகவே இருக்கிறது. கட்டளை வராமையால் காத்திருக்கிறது. கட்டளையிடுவது அதன் மேலே உள்ள ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதி.

அக்கட்டளை யாது என்று தேடும் பணியில் இருவர் ஒருவரோடொருவர் கடும் போட்டியிட்டனர். பிரான்சில் பிறந்து அமெரிக்கா சென்ற கீயமென் ஆட்டு மூளைகளையும், போலந்தில் பிறந்த ஷாலி பன்றி மூளைகளையும் இலட்சக்கணக்கில் இறைச்சிக் கூடங்களிலிருந்து திரட்டினர். அத்தனை மூளைகளிலிருந்தும் கிடைத்த பொருள், கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குச் சிறிது. பூப்பைத் தொடங்கும் கட்டளை 10 அமினோ அமிலங்களாலான ஒரு சிறு சங்கிலி என்பது 1971இல் புலனாயிற்று. இதே காலத்தில், இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள ஹார்மோனையும் கதிரியக்க முறையால் அளக்கும் வழியை ராசலின் யாலோ என்னும் அம்மையார் பெர்சனுடன் சேர்ந்து கண்டறிந்திருந்தார். 1977ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு கீயமென், ஷாலி, யாலோ ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது. பெர்சன் 1972இலேயே மறைந்துவிட்டார்.

ஆய்வுக்கூடங்களில் இவை நிகழ, குழந்தைகளை நேரே அளந்து அறியும் பணியும் இங்கிலாந்தில் நடந்துகொண்டிருந்தது. இலண்டனுக்கு வடக்கே ஹார்ப்பெண்டன் என்னும் ஊரிலிருந்த குழந்தைகள் இல்லத்தில், டானர் என்னும் மருத்துவர் பல ஆண்டுகளாகக் குழந்தைகளின் உயரத்தையும் வளர்ச்சியையும் ஒழுங்காகப் பதிவு செய்துவந்தார். 192 சிறுமியரையும் 228 சிறுவரையும் பற்றி அவரும் மார்ஷல் என்பவரும் 1969, 1970ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இரு கட்டுரைகள், பருவ வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தன. இன்றும் உலகெங்கும் குழந்தை மருத்துவர் அப்படிகளையே கையாளுகின்றனர். 'வளர்த்தி அதிகம்' என்ற பாமர மதிப்பீட்டுக்குப் பதிலாக, எந்தப் படி, எந்த வயது, ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கிட்டுக் கூறும் நிலை இவ்வாறு பிறந்தது.

இனி இவ்வரலாற்றின் வியப்பான கட்டத்துக்கு வருவோம். கட்டளையின் வேதியியல் தெரிந்துவிட்டது. அதைச் செலுத்தினால் பூப்பு தொடங்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் எர்னஸ்ட் நோபில் என்பவர் இதனைக் குரங்குகளில் ஆராய்ந்தார். தில்லி, ஆக்ரா, மதுரா முதலிய ஊர்களில் வாழும் நேயர்கள் நாள்தோறும் காணும் செம்முகக் குரங்கினமே அது. அவ்வினத்தை ஆராய்ச்சிக்கென அயல்நாடுகளுக்கு அனுப்புவதை நம் அரசு 1978இல் நிறுத்தியது. அதே 1978ஆம் ஆண்டில் நோபில் தம் முடிவை வெளியிட்டார். கட்டளை ஹார்மோனை மணிக்கு ஒரு முறை, ஆறு நிமிடம் மட்டும் செலுத்தியபோது பிட்யூட்டரி விழித்தெழுந்தது. அதே பொருளை இடைவிடாது செலுத்தியபோது, அது சில நாள்களில் அடங்கி உறங்கிவிட்டது. கதவைத் தட்டினால் திறப்பவர், ஓயாது தட்டிக்கொண்டே இருந்தால் காது கேளாதவர் போலாகிவிடுவது போன்றது இது. பூப்பின் இரகசியம் கட்டளையில் மட்டுமன்று, அதன் தாளத்திலும் இருந்தது. இளம் பெண் குரங்குகளுக்கு இத்தாளத்தில் மருந்து செலுத்திப் பூப்பைத் தொடங்கிவைக்கலாம் என்றும், நிறுத்தினால் அவை மீண்டும் இளமை நிலைக்கே திரும்பும் என்றும் 1980இல் அவர் குழுவினர் காட்டினர்.

நோயுற்ற குழந்தைகளுக்கு வழி திறந்தது இதனால்தான். முற்பூப்பு எய்திய குழந்தை முதலில் தோழர்களைவிட உயரமாக வளரும், பெற்றோரும் மகிழ்வர். ஆனால், பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் எலும்பு முனைகளிலுள்ள வளர்தட்டுகளை விரைவில் மூடிவிடும். ஆண் குழந்தைக்கும் இதுவே நேரும். ஆகவே, முன்னே வளர்ந்த குழந்தை பின்னே குள்ளமாய் நின்றுவிடும். அமெரிக்காவின் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிலையத்தின் மருத்துவர், நெடுநேரம் வேலை செய்யும் மாற்று ஹார்மோனை முற்பூப்பு எய்திய ஐந்து சிறுமியர்க்கு நாள்தோறும் ஊசி மூலம் செலுத்தி, 1981இல் தம் முடிவை அறிவித்தனர். ஓயாது கட்டளையிட்டதால் பிட்யூட்டரி அடங்கியது. பருவ மாற்றமும் தணிந்தது. மருந்தை நிறுத்தியதும் பழைய நிலை திரும்பியது. தூண்டும் பொருளைக் கொண்டே தூண்டுதலை அடக்கியமை மருத்துவ வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. இன்று மாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று எனச் செலுத்தும் ஊசிகள் உள்ளன. உரிய வயது வந்ததும் மருந்து நிறுத்தப்படுகிறது. பூப்பு தானே மீண்டும் தொடங்குகிறது.

பூப்பு வாராமல் தங்கிவிடும் குழந்தைகளின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பருவம் எய்தாமையும் மணம் அறியாமையும் ஒருவரிடத்தே கூடியிருப்பதை 1944இல் கால்மன் என்பவர் எழுதினார். மூக்குக்கும் பூப்புக்கும் என்ன தொடர்பு? விடை 1989இல் கிடைத்தது. கட்டளை ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில் பிறந்து, பின்னரே மூளைக்குள் நடந்து சென்று குடியேறுகின்றன. வழியில் அவை நின்றுவிட்டால் மணமும் இல்லை, பருவமும் இல்லை. பருவம் தாழ்த்த இளைஞனிடம், 'மல்லிகையின் மணம் உனக்குத் தெரிகிறதா?' என்று மருத்துவர் கேட்பாராயின், அது வீண் கேள்வியன்று.

அந்நரம்பணுக்களை எழுப்புவது எது என்ற வினாவுக்கும் 2003இல் ஒரு பகுதி விடை கிட்டியது. பூப்பு எய்தாத சிலரின் மரபணுக்களை ஆராய்ந்த பாரிஸ் குழுவும் பாஸ்டன் குழுவும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. 'கிஸ்பெப்டின்' என்னும் பொருளை ஏற்கும் வாயில் பழுதுற்றிருந்தமையே காரணம். இப்பொருளின் மரபணு 1996இல் புற்றுநோய் ஆராய்ச்சியின்போது, சாக்லேட்டுக்குப் பேர்பெற்ற ஹெர்ஷி என்னும் அமெரிக்க ஊரில் கண்டறியப்பட்டது. அவ்வூரின் 'கிஸ்' மிட்டாயை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தனர். புற்றுநோய்க்காகத் தேடியவர் கண்டது பூப்பின் திறவுகோலாக முடிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து பெற்றோர் அறிய வேண்டுவன சில. 8 வயதுக்குமுன் மகளிடமோ, 9 வயதுக்குமுன் மகனிடமோ பருவ மாற்றம் கண்டால், நாள் கடத்தாது குழந்தை மருத்துவரை நாட வேண்டும். பெண் குழந்தைகளில் பெரும்பாலோர்க்குத் தனிக் காரணம் எதுவும் காணப்படுவதில்லை. ஆண் குழந்தைகளிடத்து மூளைக் கட்டி முதலிய காரணங்கள் மிகுதியாதலின் ஆராய்ச்சி மிக இன்றியமையாதது. 13 வயதாகியும் மகளிடமும், 14 வயதாகியும் மகனிடமும் பருவ மாற்றம் தொடங்காவிடின் அதுவும் ஆராயத் தக்கதே. ஆண்டுதோறும் பிறந்தநாளன்று குழந்தையின் உயரத்தை அளந்து எழுதிவைத்தல் எளிய பழக்கம். ஊர்விட்டு ஊர் மாற்றலாகும் குடும்பத்துக்கு அக்குறிப்பு மருத்துவரின் பாதி வேலையை முடித்துத் தரும்.

சேவலின் கொண்டையில் தொடங்கிய ஆராய்ச்சி, ஒரு குழந்தைக்கு இழந்த சில ஆண்டுகளை மீட்டுத் தரும் நிலைக்கு வர ஏறக்குறைய 130 ஆண்டுகள் சென்றன. அதன் பயன் நம் வீட்டுக் குழந்தைக்கு வந்து சேர வேண்டுமாயின், வெட்கத்தால் வீட்டுக்குள் அடைபடாமல் உரிய காலத்தில் அது மருத்துவர்முன் செல்ல வேண்டும். பெதும்பை பெதும்பையாகவே ஓடி விளையாடட்டும். மங்கையாகும் நாள் அதற்குரிய காலத்தில் வரும்.