விற்காத சேலைக்கும் வரிக் கணக்கு உண்டு: சிறு வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியது

வீட்டிலிருந்தே சேலை, குர்த்தா, நகை விற்பவர்கள் இப்போது நிறைய. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், டிக்டாக்கில் நேரலை, வாட்ஸ்அப்பில் ஆர்டர். ஆண்டு முடிந்ததும் பலர் போடும் கணக்கு ரொம்ப எளிமையானது: "விற்ற காசு இவ்வளவு, சரக்கு வாங்கின காசு இவ்வளவு, மீதி லாபம்."

அந்தக் கணக்கில் ஒன்று விடுபட்டுப் போகிறது. இன்னும் விற்காமல் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கு.

சிங்கப்பூரில் சுயதொழில் செய்வோருக்கான வருமான வரிக் கணக்கில், சரக்கு என்பது வாங்கிய நாளில் செலவாவதில்லை. விற்ற பிறகுதான் அதன் விலை செலவாகக் கழியும். காசு கொடுத்தாச்சு, ரசீது கையில் இருக்கு என்பது மட்டும் போதாது. இது புரியாமல் வரிப் படிவத்தை நிரப்பினால் லாபம் குறைவாகத் தெரியும். உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பார்வையில் அது தவறான கணக்கு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்

தீபாவளியை நம்பி 500 சேலைகள் வாங்குகிறீர்கள். ஒன்று 35 வெள்ளி. மொத்தம் 17,500 வெள்ளி. இந்தியாவிலிருந்து கொண்டுவரும் கட்டணம், இறக்குமதியின்போது கட்டிய பொருள், சேவை வரி இரண்டும் சேர்ந்து 2,500 வெள்ளி. ஆக, ஒரு சேலையின் அடக்க விலை 40 வெள்ளி. (அனுப்பும் கட்டணத்தைத் தனிச் செலவாக எழுதிவிடுபவர்கள் உண்டு. சரக்கை உங்கள் கைக்குக் கொண்டுவர ஆன செலவு, அந்தச் சரக்கின் விலையில்தான் சேரும்.)

டிசம்பர் 31க்குள் 300 சேலைகளை 80 வெள்ளி வீதம் விற்றுவிட்டீர்கள். வரவு 24,000 வெள்ளி. விளம்பரம், பொட்டலம் கட்டுவது, வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்புவது என்று 3,000 வெள்ளி செலவு.

பலர் போடும் கணக்கு: 24,000லிருந்து 20,000ஐக் கழி, 3,000ஐக் கழி. லாபம் 1,000 வெள்ளி.

சரியான கணக்கு வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கு, அதோடு அந்த ஆண்டு வாங்கியது, அதிலிருந்து ஆண்டு இறுதியில் மிஞ்சியதைக் கழிக்க வேண்டும். வருவதுதான் விற்ற சரக்கின் விலை. நமது உதாரணத்தில் தொடக்க இருப்பு இல்லை, வாங்கியது 20,000, மிஞ்சிய 200 சேலைகளின் மதிப்பு 8,000. எனவே கழிக்கக்கூடியது 12,000 வெள்ளி மட்டுமே. மற்ற செலவு 3,000 போக, லாபம் 9,000 வெள்ளி.

"என் பேங்க்ல ஆயிரம் வெள்ளிதானே கூடியிருக்கு, 9,000 எங்கே?" என்று கேட்கத் தோன்றும். மிச்சம் 8,000 அலமாரியில் சேலையாக இருக்கிறது.

இந்த வித்தியாசம் வெறும் தாள் கணக்கு இல்லை. சுயதொழிலில் கிடைக்கும் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் சந்தா கட்டாயம். 1,000 வெள்ளி என்றால் அந்தப் பேச்சே இல்லை. 9,000 என்றால் கட்டியாக வேண்டும். பகலில் வேலை, இரவில் வியாபாரம் என்று இருப்பவர்களுக்கு வருமான வரியும் கூடும், ஏனென்றால் வியாபார லாபம் சம்பளத்தோடு சேர்ந்துகொள்கிறது. வரிக்குரிய வருமானத்தில் 40,000க்கும் 80,000க்கும் இடைப்பட்ட பகுதிக்கு வரி விகிதம் 7 விழுக்காடு. விடுபட்ட 8,000 வெள்ளி அந்தப் பகுதியில் விழுந்தால் 560 வெள்ளி வரி.

சிறு வியாபாரிகள் பலர் தடுமாறும் இடமும் இதுதான். வரியைக் காசாகத்தான் கட்ட முடியும், சேலையாகக் கட்ட முடியாது. அடுத்த சீசனுக்குச் சரக்கு எடுக்கும் முன், கையிலுள்ள காசில் கொஞ்சத்தை வரிக்கும் மெடிசேவுக்கும் ஒதுக்கி வைப்பது நல்லது.

அந்த 8,000 வெள்ளி காணாமல் போய்விடாது. ஜனவரி 1ஆம் தேதி அது அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பாகிறது. அந்தச் சேலைகள் விற்கும் ஆண்டில் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

விலை போகாத சரக்கு என்றால்?

மிஞ்சிய 200 சேலைகளும் 40 வெள்ளி மதிப்புள்ளவையா? 50 சேலைகளில் தண்ணீர்க் கறை, அல்லது மோகம் போய்விட்ட டிசைன் என்று வையுங்கள். தள்ளுபடியில் 15 வெள்ளிக்குத்தான் போகும்.

இங்கே விதி உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ஆண்டு இறுதிச் சரக்கை, வாங்கிய விலை அல்லது விற்றால் கையில் கிடைக்கக்கூடிய நிகரத் தொகை, இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். அந்த 50 சேலைகளின் மதிப்பு 2,000லிருந்து 750 வெள்ளிக்கு இறங்கும். லாபம் 1,250 வெள்ளி குறையும்.

ஆனால் எந்தெந்தச் சேலை, ஏன் விலை இறங்கியது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். "பழசாயிடும், எதுக்கும் 10 விழுக்காடு குறைச்சுப்போம்" என்று மொத்தச் சரக்குக்கும் பொதுவாகக் குறைத்தால் வரிக் கழிவு கிடைக்காது. படம் எடுத்து வையுங்கள். என்ன விலைக்குத் தள்ளுபடி போட்டீர்கள் என்ற பதிவையும் வையுங்கள்.

ஒரே ரகத்தை வெவ்வேறு விலைக்கு வாங்கியிருந்தால், முதலில் வாங்கியது முதலில் விற்றது என்று கணக்கிடலாம். அல்லது சராசரி விலை போடலாம். கடைசியில் வாங்கியது முதலில் விற்றது என்ற முறை இங்கே செல்லாது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. யூடியூபில் சிறுதொழில் வரி பற்றித் தேடினால் பெரும்பாலும் அமெரிக்கக் காணொளிகள்தான் வரும். அங்கே அந்த முறைக்கு அனுமதி உண்டு. சிறு நிறுவனங்களுக்குச் சரக்குக் கணக்கில் வேறு சலுகைகளும் உண்டு. அந்த ஆலோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வம்பு.

அம்மாவுக்குக் கொடுத்த சேலை

கடைச் சரக்கிலிருந்து அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வரிக் கணக்கில் அது விற்பனை போலவே. அதுவும் 40 வெள்ளிக்கு இல்லை, சந்தை விலையான 80 வெள்ளிக்கு.

இதன் பின்னால் ஒரு பழைய பிரிட்டிஷ் வழக்கு இருக்கிறது. குதிரை வளர்ப்புப் பண்ணை நடத்திய சீமாட்டி ஒருவர், அங்கிருந்து ஐந்து குதிரைகளைத் தம் சொந்தப் பந்தயக் கொட்டிலுக்கு மாற்றினார். பண்ணை வரிக்கு உட்பட்ட தொழில். பந்தயம் அவருடைய பொழுதுபோக்கு. குதிரைகளை எந்த விலைக்குக் கணக்கில் காட்டுவது என்ற சண்டை பிரபுக்கள் சபை வரை போனது. சந்தை விலைக்குத்தான் என்று 1955இல் தீர்ப்பு வந்தது. ஷார்க்கி எதிர் வெர்னர் என்ற அந்த வழக்கைக் கணக்கியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

எது சரக்கு, எது செலவு?

ரவிக்கை தைத்து விற்பவரை எடுத்துக்கொள்வோம். துணி, உள்துணி, ஜரிகை, கொக்கி எல்லாம் விற்கும் பொருளுக்குள் போகின்றன. ஆண்டு இறுதியில் மிஞ்சினால் அவை சரக்கு. பாதி தைத்த ரவிக்கையும் சரக்குதான். அதற்காகத் தையல்காரருக்குக் கொடுத்த கூலியும் அதன் விலையில் சேரும். ஆனால் நீங்களே தைத்தால், உங்கள் உழைப்புக்கு நீங்களே ஒரு சம்பளம் எழுதிக்கொள்ள முடியாது. தனி உரிமையாளரின் சொந்தச் சம்பளம் வியாபாரச் செலவாக ஏற்கப்படாது.

பிரிண்டர் மை, ஒட்டுநாடா, பொட்டலப் பை போன்றவை புழக்கத்துக்கான பொருள்கள். சின்னத் தொகைகள் வழக்கமாக அந்த ஆண்டுச் செலவிலேயே போய்விடும். அதற்காக, டிசம்பர் கடைசி வாரத்தில் மூன்று ஆண்டுக்கான பைகளை வாங்கிக் குவித்து லாபத்தைக் குறைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பயன்படுத்தாமல் இருப்பது பயன்படுத்தாத இருப்புதான்.

தையல் இயந்திரம் இரண்டிலும் சேராது. அது மூலதனப் பொருள். ஒரு பொருளின் விலை 5,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால், முழு விலையையும் ஒரே ஆண்டில் மூலதனக் கழிவாகக் கோரலாம். அப்படிக் கோரும் மொத்தத் தொகை ஓர் ஆண்டுக்கு 30,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும்.

இறக்குமதியில் கட்டிய 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியைத் திரும்பக் கேட்க முடியுமா? அந்த வரிக்குப் பதிந்துகொண்ட வியாபாரம் என்றால் முடியும். ஆண்டு வருவாய் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வீட்டு வியாபாரங்கள் பெரும்பாலும் பதிந்திருக்காது. அப்போது அந்த வரி, சரக்கின் அடக்க விலையில் ஒரு பகுதி. உதாரணத்தில் சேர்த்தது அதனால்தான்.

"ரெண்டு வரிதானே, யார் கேட்கப் போறாங்க?"

ஆண்டு வருவாய் 200,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவு என்றால், படிவத்தில் வருவாய், சரிசெய்யப்பட்ட லாபம் என்று இரண்டு எண்களை நிரப்பினால் போதும். சரக்கு இருப்பு எவ்வளவு என்று படிவம் கேட்பதில்லை. ஆனால் அந்த லாபம் எப்படி வந்தது என்று ஆணையம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். பதிவுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். டிசம்பர் 31 அன்று உட்கார்ந்து எண்ணுங்கள்: எந்த ரகம், எத்தனை, அடக்க விலை என்ன. ஓர் எக்செல் தாள் போதும். வழியில் இருக்கும், ஏற்கெனவே உங்களுடையதாகிவிட்ட சரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறரிடம் விற்பதற்குக் கொடுத்து, இன்னும் விற்காத சேலைகளையும் மறக்க வேண்டாம். மார்ச் மாதம் உட்கார்ந்து "அப்ப எத்தனை இருந்திருக்கும்?" என்று நினைவிலிருந்து எழுதும் எண் யாரையும் நம்ப வைக்காது.

மின்னியல் முறையில் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. முந்தைய ஆண்டுகளில் வாங்கிய சரக்கு முழுவதையும் செலவாகக் கழித்திருந்தால், ஆணையம் கேட்பதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லலாம். தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள், நிபந்தனைகளுக்கு உட்பட்டு முழு விவரத்தோடு தாமாக முன்வந்தால் அபராதம் இல்லை. அதற்குப் பிறகு என்றால், குறைத்துக் கட்டிய வரியில் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்ற குறைந்த அபராதம்.