டியூக்ஸ்: செம்பூர் தந்த 'கலர்'

சென்ற மாசி மாதம் என் பெண்வயிற்றுப் பேரனுக்குப் பூணூல். வைதிக காரியங்கள் க்ஷேமமாக முடிந்து, பந்தியும் முடிந்து, பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி மாமா, எங்கள் பாண்டுப் வெயிலில் வியர்த்துப்போய், "எங்க ஊரா இருந்தா இந்நேரம் ஆளுக்கு ஒரு பொவன்டோ கையில இருக்கும். உங்க பம்பாய்க்குன்னு சொந்தமா ஒரு கலர் உண்டோ?" என்று கேட்டார்.

அவர் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளி மார்க் கம்பெனியின் பானம் பொவன்டோ. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து, 2017 மார்ச் 1 முதல் அந்நிய நாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது ஊரெல்லாம் அதைத் தேடிக் குடித்தது. நூறு வருஷம் கடந்தும் நிற்கிற கம்பெனி அது.

ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உண்டு மாமா. இருந்தது. பெயர் டியூக்ஸ். நான் வளர்ந்த செம்பூரிலேதான் ஃபாக்டரி" என்றேன். அன்று மாமாவிடம் சொன்னதையும், நேரமில்லாமல் சொல்ல விட்டுப்போனதையும் நம் அங்கத்தினர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பம்பாயில் சோடாத் தொழிலை வளர்த்ததில் பார்சிக்காரர்களின் பங்கு பெரிது. 1865-லேயே பாலன்ஜி என்ற கம்பெனி இங்கே வந்துவிட்டது. அதன் சிவப்பு ராஸ்பெரி பானத்தை இரானி ஹோட்டல்களில் இன்றும் காணலாம். ஊருக்கு விஹார் ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்ததே 1860-ல்தான். தண்ணீரால் வரும் வியாதிகளுக்குப் பயந்தவர்கள், அடைத்து மூடிய சோடாவைப் பத்திரம் என்று நம்பிய காலம் அது.

1889-ல் தீன்ஷாஜி கூவர்ஜி பாண்டோல் என்ற பார்சிக்காரர் கேத்வாடியில் டியூக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அவர் கிரிக்கெட் ஆட்டக்காரர். இங்கிலாந்தில் கிரிக்கெட் பந்து செய்யும் டியூக் கம்பெனியின் பெயரையே தம் சோடாவுக்கும் வைத்தார் என்று சொல்வார்கள். ஆங்கிலப் பெயர் இருந்தால் துரைமார்களும் வாங்குவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ! சோடா, ஜிஞ்சர், லெமனேட், ராஸ்பெரி, பிறகு மாம்பழச் சாறு கலந்த மாங்கோலா என்று வரிசை நீண்டது. பார்சிக் கல்யாணங்களில் ராஸ்பெரி இல்லாமல் விருந்து கிடையாது. நம் ஆத்துக் கல்யாணத்தில் காப்பி எப்படியோ அப்படி.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஏன் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சோடாக் கம்பெனி இருந்தது? எல்லாம் பாட்டில் செய்த வேலை. 1870-களில் ஹிரம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே அடைத்த வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தோடு ஒட்டவைத்து மூடிவிடும். 1892-ல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கண்டுபிடித்தார். கோலியோ தகர மூடியோ, கண்ணாடி பாட்டில் கனமானது, விலை பெற்றது. காலி பாட்டில் ஃபாக்டரிக்குத் திரும்பி வந்து கழுவப்பட்டால்தான் வியாபாரம் கட்டும். வண்டி போய் ஒரே நாளில் திரும்புகிற தூரம்தான் ஒரு பானத்தின் எல்லை. அதனால்தான் ஒவ்வொரு சீமைக்கும் தனி ருசி என்று அமைந்தது.

டியூக்ஸ் பின்னாளில் செம்பூர்ப் பக்கம், கோவண்டி ஸ்டேஷனை ஒட்டிய பகுதிக்கு வந்தது. செம்பூரில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. உர ஃபாக்டரி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, அணு ஆராய்ச்சி நிலையம் என்று உத்தியோகத்துக்கு வந்து குடியேறிய குடும்பங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காலி பாட்டில்கள் கடகடவென்று ஆட லாரிகள் போகும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. 1977-ல் கோகா கோலா இந்தியாவை விட்டுப் போன பிறகு, பார்லேயின் கோல்ட் ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் எல்லாம் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். ஆனால் எங்கள் தெருவில் விருந்தாளி வந்தால் "ஓடிப் போய் நாலு மாங்கோலா வாங்கிண்டு வா" என்பதுதான் வழக்கம்.

1979-ல் என் அக்கா கல்யாணம், மாடுங்காவில். மாலை ரிசப்ஷனுக்கு அப்பா இருபது பெட்டி டியூக்ஸ் சொல்லியிருந்தார். பெட்டிக்கு 24 பாட்டில். காலி பாட்டில் எண்ணி வாங்குவது என் பொறுப்பு. குறைந்தால் டெபாஸிட் பணம் போய்விடும். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. மண்டபம் முழுக்கத் தேடிவிட்டுச் சமையற்கட்டுக்குப் பின்னால் போனால், பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மடி ஆசாரம். "பத்துப் பேர் வாய் வெச்ச எச்சல் பாட்டில்" என்று எங்களைக் கூடத் தூக்கிக் குடிக்கச் சொல்பவள். அவள் எதிரே தன் வெள்ளி டம்ளர், பக்கத்தில் காலி லெமனேட் பாட்டில்!

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தீர்ப்பும் சொன்னாள். "கண்ணாடிக்குத் தோஷம் கிடையாதுடா. அதுல வாய் வெச்சாத்தான் தோஷம். நான் டம்ளர்ல விட்டுண்டுட்டேன்." ஒரு நிமிஷம் யோசித்து, "பானகத்துல சுக்குப் போட மறந்துட்டான். ஆனா தேவலை" என்றாள். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து வந்து இருபது வருஷம் ஆகியும் "உங்க பம்பாய்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அன்று ஏதோ ஒன்று இறங்கி வந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

பிறகு நடந்தது தேசமறிந்த கதை. 1993-ல் பார்லேயின் பானங்களைக் கோகா கோலா வாங்கியது. 1994-ல் டியூக்ஸ் பெப்ஸியின் கைக்குப் போயிற்று. வாங்கியவர்களுக்கு விற்பதற்குத் தங்கள் சொந்தச் சரக்கு இருந்தது. அடுத்து பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. காலி பாட்டில் திரும்ப வர வேண்டாம் என்றானதும் ஊர் எல்லை என்பதே போய்விட்டது. செம்பூர்க் கடைகளில் மாங்கோலா குறைந்து, ஒரு நாள் இல்லாமலே போனது. 2011-ல் டியூக்ஸ் பெயரை மறுபடி மும்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். ஆசையாக வாங்கினேன். பழைய செல்வாக்கு திரும்பவில்லை. எங்கள் தெருக் கடைகளில் அதைப் பார்த்து வருஷங்களாகின்றன. ஃபாக்டரி இருந்த பக்கம் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள். அதில் ஒரு வளாகத்துக்கு 'டியூக்ஸ் ஹொரைசன்' என்று பெயர். மிச்சமிருப்பது பெயர்தான்.

பெரிய கம்பெனிகளையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் அது நேர்மையாகாது. 1996-ல் நாங்கள் பாண்டுப்புக்குக் குடிவந்து கிருகப்பிரவேசம் செய்தபோது, கடைக்காரர் "என்ன கலர் அனுப்பட்டும்?" என்றார். "டி.வி.யில வருதே, அதையே அனுப்புங்கோ" என்று சொன்னவன் நானேதான். டியூக்ஸ் கிடைக்குமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வந்திருந்த ஐம்பது பேரில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கும்பகோணத்தில் கேட்டார்கள், அவர்கள் பானம் பிழைத்தது.

நம் சங்கத்து விண்ணப்பத்தில் 'பூர்வீகம்' என்று ஒரு கட்டம் உண்டு. நானும் தஞ்சாவூர் ஜில்லா கிராமத்தின் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். அங்கே நான் மொத்தம் தங்கியது ஒரு மாதம்கூட இருக்காது. ஆனால் சம்பந்தி மாமா "உங்க பம்பாய்" என்று சீண்டியதும் சுருக்கென்று கோபம் வந்ததே, அது எந்த ஊருக்காக? அந்தக் கோபம் 1996-லேயே வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா, "அடுத்த தடவை வரச்சே ஒரு பாட்டில் எங்கேயாவது தேடி வையுங்கோ. நானும் டம்ளர்லயே விட்டுண்டு குடிக்கறேன்" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.

கல்கத்தா, டில்லி, பெங்களூர், ஹைதராபாத் என்று பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களே! நீங்கள் வளர்ந்த ஊருக்கும் ஒரு கலர் இருந்திருக்கும். அதைக் கல்யாணத்தில் பரிமாறியவர்களும், காலி பாட்டில் எண்ணியவர்களும் உங்கள் ஆத்திலேயே இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இன்னும் அந்தப் பானம் கடையில் கிடைக்கிறதென்றால், அடுத்த விசேஷத்துக்கு அதையே சொல்லுங்கள்.