தோற்றுப்போன இயங்குதளமும் ஒரு சின்ன போர்டும்



ராஸ்பெர்ரி பை கையில் கிடைத்தால் நாம் எல்லோரும் முதலில் செய்வது அதில் லினக்ஸ் போடுவதுதான். ஆனால் அதே போர்டில் 'பிளான் 9' என்று இன்னொரு இயங்குதளமும் ஓடும். அதில் ஒரு புரோகிராமை எப்படி கம்பைல் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனால், அது ஒரு பெரிய சரித்திரமாக நீள்கிறது.

யூனிக்ஸ் 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது நமக்குத் தெரியும். அதே ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், ராப் பைக் முதலானோர் 1980-களின் கடைசியில் "மறுபடி முதலிலிருந்து எழுதினால் என்ன?" என்று ஆரம்பித்ததுதான் பிளான் 9. பெயர், 1950-களில் வந்த ஒரு மட்டமான அறிவியல் புனைகதைப் படத்திலிருந்து எடுத்தது :-) 1992-ல் பல்கலைக்கழகங்களுக்கும் 1995-ல் பொதுமக்களுக்கும் கிடைத்தது.

அவர்கள் திட்டம் இதுதான். மேசையில் ஒரு சின்ன கணினி, கணக்குப் போட வேறொரு பெரிய கணினி, கோப்புகளை வைக்க இன்னொன்று. ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிராசசர் இருக்கும். அப்படியானால் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் கம்பைல் செய்ய முடிய வேண்டும் அல்லவா? அதற்காகவே கென் தாம்சன் புதிய சி கம்பைலர்களை எழுதினார். ஒவ்வொரு பிராசசருக்கும் ஓர் எண் அல்லது எழுத்து. இன்டெல் 386-க்கு 8, ஆர்முக்கு 5. எனவே ஆர்ம் கம்பைலரின் பெயர் '5சி', அதன் லிங்கர் '5எல்'. எந்த லைப்ரரி வேண்டும் என்பது ஹெட்டர் கோப்பிலேயே எழுதியிருப்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். சாதாரண பிசியில் இருந்துகொண்டே, ஒரே ஒரு மாறியில் 'ஆர்ம்' என்று மாற்றிவிட்டு 'எம்கே' கட்டளை கொடுத்தால் போதும், ராஸ்பெர்ரி பைக்கான புரோகிராம் தயார். லினக்ஸில் இதற்கென்று தனி கம்பைலர், தனி லைப்ரரி என்று தேடி நிறுவியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர், வேகம் 700 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் வெறும் 256 எம்பி. அதிலேயே லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்தால் பல மணி நேரம் ஆகும். பிளான் 9-ன் கெர்னல் மிகச் சிறியது. கம்பைலரும் அசெம்பிளி உரையை எழுதிவிட்டு அசெம்பிளரைக் கூப்பிடுவதில்லை, நேராக ஆப்ஜெக்ட் கோப்பை எழுதிவிடும். அதனால் அந்தச் சின்ன போர்டே தன் கெர்னலைத் தானே கம்பைல் செய்துகொள்ள முடிந்தது.

பிளான் 9-ஐ இந்த போர்டுக்குக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் மில்லர். இவர் யார் தெரியுமா? 1977-ல் ஆஸ்திரேலியாவின் வொல்லொங்காங் பல்கலைக்கழகத்தில், பிடிபி வரிசைக் கணினிகளிலேயே ஓடிக்கொண்டிருந்த யூனிக்ஸை இன்டர்டேட்டா 7/32 என்ற வேறு கணினிக்கு மாற்றியவர்! சுமார் 35 வருடம் கழித்து அதே வேலையை மறுபடி செய்தார். ஆர்ம் கம்பைலர் ஏற்கனவே தயாராக இருந்ததால், பெரும்பாலும் வன்பொருளோடு பேசும் பகுதிகளைத்தான் அவர் எழுத வேண்டியிருந்தது.

இவ்வளவு நல்ல இயங்குதளம் ஏன் பரவவில்லை? யூனிக்ஸே போதும் என்று பலர் இருந்துவிட்டார்கள். 2000-ல் மூலநிரலைத் திறந்துவிட்டபோது லினக்ஸ் எங்கேயோ போய்விட்டிருந்தது. 2021-ல் அது எம்ஐடி உரிமத்தில் வெளியானது.

ஆனாலும் அது வீணாகவில்லை. 2009-ல் வெளியான கோ மொழியின் முதல் கம்பைலர்கள் இந்தக் கம்பைலர்களின் வாரிசுகளே. இன்னொன்று நமக்கே நெருக்கமானது. 1992 செப்டம்பரில் தாம்சனும் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து யுடிஎஃப்-8 குறியேற்றத்தை வடிவமைத்தது பிளான் 9-க்காகத்தான். அதில் 'அ' என்பது மூன்று பைட். திஸ்கி எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகப் பார்த்துத் தவித்த காலம் போய், இன்று நீங்கள் இந்த வரியைப் படிப்பதும் அதனால்தான்.

பழைய எஸ்டி கார்டு ஒன்று சும்மா கிடந்தால், ஒருமுறை பிளான் 9 போட்டுப் பாருங்கள்.