சாய்கட்டிலும் அதன் சொந்தக்காரரும்

வாப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. ழுஹருக்குப் பின் அறைக்குள் போய்ப் படுப்பது அவருக்குப் பிடிக்காது. "பட்டப்பகல்ல அறைக்குள்ள கிடக்க நான் என்ன நோயாளியா?" என்பார். விறாந்தையில் தெருவைப் பார்த்தபடி சாய்ந்திருக்க வேண்டும். கண் அயர்ந்தால் காலை நீட்டவும் வேண்டும். சாய்மனைக் கதிரை இரண்டுக்கும் உதவாது. ஆதலால் பழைய பிரம்புச் சாய்கட்டில் ஒன்றைத் தேடிப் புறப்பட்டேன். அந்தத் தேட்டத்தில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

சாய்கட்டில் கதிரைக்கும் கட்டிலுக்கும் இடைப்பட்டது. ஒரு தலைப்போ இரு தலைப்புமோ உயர்ந்து வளைந்திருக்கும். நடுவில் பிரம்புப் பின்னல். சிங்களத்தில் 'கவிச்சிய' என்பர். ஒல்லாந்தர் 'ரஸ்ட்பாங்க்' என்றனர். ஓய்வு வாங்கு என்பது பொருள். நமது தளபாடப் பெயர்களிற் பல கடல் கடந்து வந்தவை. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு யாவும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள். கட்டில் மட்டும் இம்மண்ணின் சொல். போர்த்துக்கேய மொழியிலுள்ள 'கத்ரே' அதிலிருந்தே பிறந்ததென மொழியியலாளர் கூறுவர்.

சோபாவின் கதை இன்னும் நெருக்கமானது. கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவுக்கு மாற்றப்பட்ட பின், மஸ்ஜிதுந் நபவியின் வடபுறத்து நிழற்கூரையின் கீழ் ஏழைத் தோழர்கள் தங்கினர். மக்காவில் வீடுவாசலை விட்டு வந்த முஹாஜிர்கள் அவர்களிற் பலர். அவ்விடத்தின் பெயர் ஸுஃப்பா. அபூஹுரைரா (ரழி) அவர்களும் அந்தத் திண்ணைத் தோழர்களில் ஒருவர். ஸுஃப்பா என்ற அறபுச் சொல் துருக்கி மொழிவழி ஐரோப்பாவுக்குச் சென்று 'சோபா' ஆயிற்று. முதலில் விரிப்பிட்ட மேடையைக் குறித்தது. பின்னரே மெத்தையிட்ட ஆசனத்தைக் குறித்தது. திவானும் அவ்வாறே. கலீபா உமர் (ரழி) அவர்களின் ஆட்சியில் அது கொடுப்பனவுப் பதிவேட்டின் பெயர். பிறகு அரசவையையும், கவிதைத் தொகுதியையும், சுவரோரத்து நீள் இருக்கையையும் அதே சொல் குறித்தது. 1819இல் ஜேர்மனியக் கவிஞர் கோதே தமது தொகுதியொன்றுக்கு அப்பெயரையே சூட்டினார்.

நமது தீவிலுள்ள பழைய சாய்கட்டில்களின் கதை ஒல்லாந்தரைத் தொடாமல் முடியாது. அவர்கள் 1640இல் காலியையும், 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். ஐரோப்பிய வடிவங்களை நம்நாட்டு மரங்களில் நம்நாட்டுத் தச்சர்கள் செய்தனர். புறக்கோட்டையில் ஒல்லாந்த தேசாதிபதி தோமஸ் வான் றீயின் வீடாக இருந்த கட்டடம், 1982இல் ஒல்லாந்தர் கால நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. மாணவரோடு அங்கு சென்றபோது அக்காலத் தளபாடங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் அழகை வியந்த எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. ஒல்லாந்தர் நம்மவர்மீது ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினர். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு, நிலம் வாங்கத் தடையிருந்தது. ஆங்கிலேயர் வந்து பல ஆண்டுகள் கழிந்து, 1832இலேயே அத்தடை நீங்கியது. அந்தக் கட்டில்கள் கிடந்த வீடுகளில் ஒன்றைச் சொந்தமாக்க நம் மூதாதையருக்கு அனுமதி இருக்கவில்லை.

இனி, பழைய கட்டிலைத் தெரிவது எப்படி? முதலில் மரம். கருங்காலி, முதிரை, தேக்கு, பலா ஆகியன வழக்கமானவை. கலமந்தர் என்ற வரிமரம் எல்லாவற்றிலும் அரியது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதை வெட்டித் தீர்த்ததால் அது அருகிவிட்டதென எமர்சன் டெனென்ட் 1859இல் வெளியான தமது நூலிலேயே வருந்தியிருக்கிறார். ஆகவே குறைந்த விலைக்குக் 'கலமந்தர்' என்று யாரேனும் காட்டினால் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, கட்டிலைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். மேற்பக்கம் எவருக்கும் மினுக்கலாம்; அடிப்பக்கம் எளிதில் பொய் சொல்லாது. கைவாளின் கீறல்கள் சீரற்றிருக்கும். யந்திர வாளின் தடம் ஒரே சீராகவோ வட்டமாகவோ இருக்கும். கழுந்தும் துளையுமாகப் பொருத்தி மர ஆணி அறைந்திருந்தால் நல்ல குறி. கடைந்த கால்களைத் தடவிப் பார்த்தால் பூரண வட்டமாக இராது. மரம் குறுக்குவாட்டிலேயே கூடுதலாகச் சுருங்குவதால், காலப்போக்கில் கால்கள் சற்று நீள்வட்டமாகும். முனை கூரான திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே பரவலானது. ஆனால் பழுது பார்த்தபோதும் அது ஏறியிருக்கலாம். பிரம்பு புதிதாக இருப்பது குற்றமன்று. எந்தப் பிரம்பும் நூறாண்டு தாங்காது. துளைகளிலிருந்து புதுமாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. கடைசியாக, வெட்கப்படாமல் படுத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு, தெற்கே வீதியோரக் கடையொன்றுக்குப் போனேன். முதிரையில் செய்த சாய்கட்டில் ஒன்று மனத்தைப் பிடித்தது. கவிழ்த்துப் பார்த்தேன். அடிச்சட்டத்தில் கத்திமுனையால் கீறிய அறபு எழுத்துக்கள். வாசித்தால் தமிழ்: ஒரு பெண்ணின் பெயர், கீழே ஹிஜ்ரி 1341. நமது கணக்கில் 1922 அல்லது 1923. சீதனமாகக் கொடுத்த கட்டிலாக இருக்கலாம். எங்கிருந்து வந்ததென்று கேட்டேன். வடக்குச் சாமான், தொண்ணூறுகளில் லொறியில் வந்தது, தகப்பன் வாங்கியது, வேறொன்றும் தெரியாது என்றார் கடைக்காரர். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75 ஆயிரம் முஸ்லிம்களை வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் பணமும் பறிபோயின. கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? அந்தக் கட்டிலை உரியவரே பின்னொரு நாள் திரும்பிச் சென்று விற்றிருக்கலாம், விற்காமலும் இருக்கலாம். வயதையும் மரத்தையும் சொல்ல அடிப்பக்கத்துக்குத் தெரிந்தது. கை மாறியபோது உரியவர் சம்மதித்தாரா என்பதை அது சொல்லவில்லை. விலை கட்டுப்படியானதுதான். ஆனாலும் வாப்பா அதில் சாய்ந்து தஸ்பீஹ் உருட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு திரும்பினேன். புத்தளத்தில் அகதிகளாகக் குடியேறியவர்களிடம் இன்றும் விசாரித்து வருகிறேன்.

தொன்பொருட்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. நாட்டுக்குள்ளே ஒரு வீட்டுச் சாமான் இன்னொரு வீட்டுக்கு வந்த வழியை விசாரிப்பது வாங்குபவனின் கடமை. எவ்வளவு பழையது என்று கேட்பதற்கு முன் யாருடையது என்று நாம் கேட்டுப் பழக வேண்டும்.

கடைசியில் பக்கத்து ஊரில் ஒரு மூதாட்டியிடம் பலாமரச் சாய்கட்டில் கிடைத்தது. வயது அறுபதுக்கு மேல் இராது. கடைக்காரர் எவரும் தொன்பொருள் என்று மதிக்கமாட்டார். தன் மாப்பிள்ளை மொறட்டுவையிலிருந்து கொண்டுவந்த கதையை அவர் தேநீர் தந்து சொன்னார். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டைக் கொடுக்கப் போகிறாராம். விலையையும் திகதியையும் அவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒப்பமும் வாங்கிக்கொண்டேன்.

விறாந்தையில் போட்டதும் வாப்பா பிரம்பைத் தட்டிப் பார்த்தார்.

"யார்ர கட்டில் மகன்?"

சொன்னேன். "அப்ப சரி" என்று காலை நீட்டினார்.